பார் லைன் இல்லாத பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், எங்கள் ஊர் உட்ரெக்டில் 1982 முதல் நடந்துவரும் பழைய இசை விழாவைப் பற்றி எழுதியிருந்தேன். பாளையங்கோட்டையில் பிறந்த ஒருத்தி நெதர்லாந்தில் உட்கார்ந்து நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாட்டுகளை ஆல்ட்டோ குரலில் பாடிக்கொண்டிருப்பது சிலருக்கு வேடிக்கையாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருந்திருக்கிறது. இரண்டு வகைக் கடிதங்களுக்கும் பதில் இங்கே.

என் மகள் பியானோ கிரேடு 5 பரீட்சைக்குத் தயாராகிறாள். படித்த பாடங்களை அழகாக வாசிப்பாள். சைட் ரீடிங், அதாவது புதுத் தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது என்றால் மட்டும் கை நின்றுவிடுகிறது. "பாக் எதை முன்னால் வைத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார், தெரியுமா?" என்று அவள் டீச்சர் சொல்லிச் சொல்லியே குழந்தை பயந்துவிட்டாள். அது நிஜமா?
– வாசகி, அண்ணா நகர், சென்னை

பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசை மேதை பாக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், ஒரு காலை உணவு வரைக்கும்.

1802-ல் ஃபோர்க்கெல் என்பவர் பாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பாக்கின் மகன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். அதில் இந்தக் கதை வருகிறது. பாக் ஜெர்மனியின் வைமார் நகரில் இருந்த காலம். "எதையும் தடங்கல் இல்லாமல் உடனே வாசிப்பேன்" என்று நண்பர் ஒருவரிடம் பெருமையடித்திருக்கிறார். அந்த நண்பர் ஒரு நாள் காலை உணவுக்கு அழைத்தார். ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய, தந்தியை மீட்டி ஒலிக்கும் கட்டை வாத்தியம்) மேல் பல தாள்களோடு, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்த ஒரு தாளையும் வைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைக்கப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். பாக் வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் புரட்டி வாசித்தார். அந்தத் தாள் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஓர் இடத்தில் நின்றது. முதலில் இருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடி நின்றது. பக்கத்து அறையில் சிரிப்புச் சத்தம். "முடியாது, எல்லாவற்றையும் பார்த்தவுடன் வாசித்துவிட முடியாது!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டார். டீச்சருக்கு இதைச் சொல்லுங்கள்.

பாக் இந்த விஷயத்தில் கோபப்பட்டும் எழுதியிருக்கிறார். 1730 ஆகஸ்டில், தான் வேலை பார்த்த லைப்சிக் நகர சபைக்கு ஒரு மனு. தேவாலயப் பாட்டுக்குத் தன்னிடம் இருக்கும் பையன்களைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்: உருப்படியாகப் பாடுபவர்கள் 17, இன்னும் தேறாதவர்கள் 20, எதற்கும் ஆகாதவர்கள் 17. அதே மனுவில், ஜெர்மன் வாத்தியக்காரர்கள் மட்டும் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து, போலந்து என்று எங்கிருந்து வந்த இசையையும் அந்த க்ஷணமே வாசித்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்களே, இது விசித்திரமாக இல்லையா என்கிறார். அந்த இசை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் முன்கூட்டியே ஊறப் படித்து, ஏறக்குறைய மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். நல்ல சம்பளமும் வாங்குகிறவர்கள் என்கிறார். மனு எழுதின கையில் கொஞ்சம் நடுக்கம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், கோபத்தில்தான்.

சரி, உங்கள் மகள் விஷயம். ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வு என்றால் 150-ல் 21 மதிப்பெண் இதற்கு. பார்த்துக்கொள்ள அரை நிமிஷம் தருவார்கள். அந்த அரை நிமிஷத்தில் எல்லா நோட்டையும் படிக்கப் பார்க்கிறாள், அதுதான் சிக்கல். முதல் பார் (பார் என்பது இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள தாளப் பகுதி), கடைசிப் பார், இடது கை எங்கே தாவுகிறது, இந்த மூன்றும் போதும். வீட்டில் தினம் யாராவது ஒருவரோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள், அண்ணனோ தோழியோ, ஆளுக்கு ஒரு கை. கூட வாசிப்பவர் நிற்க மாட்டார் என்று தெரிந்தால் நிற்கும் பழக்கம் தானாகப் போகும். அந்தக் காலத்தில் சைட் ரீடிங் பெரும்பாலும் சேர்ந்து உட்கார்ந்து செய்கிற காரியம்.

எங்கள் சபைப் பாடகர் குழுவில் எல்லோரும் டானிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்துகளில் எழுதும் முறை) பார்த்துத்தான் பாடுகிறோம். நகரத்தில் இருந்து வந்த ஒரு தம்பி, "ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதுவது) தெரியாதா? இதெல்லாம் குறுக்கு வழி" என்று சொல்லிவிட்டார். எங்களுக்குச் சங்கடமாகிவிட்டது.
– வாசகர், மார்த்தாண்டம்

நானும் அந்தக் குறுக்கு வழியில் வந்தவள்தான். கரும்பலகையில் 'டோ = எஃப்' என்று எழுதி, எழுத்துகளும் கோலன்களும் கோடுகளுமாய்ப் பாமாலை மெட்டுகளை நான்கு குரலில் கற்றேன். அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்: இந்தக் குறுக்கு வழிக்கு வயது ஆயிரம்.

பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெட்சோ நகரில் குயிடோ என்ற துறவி இருந்தார். அதுவரை தேவாலயப் பாடகர்கள் காதால் கேட்டுக் கேட்டே பாட்டுகளைக் கற்றார்கள்; பத்து வருஷம் ஆகும். குயிடோ இரண்டு வேலை செய்தார். முதலாவது, சுரங்களைக் கோடுகளில் வைத்தார். சிவப்புக் கோடு 'எஃப்', மஞ்சள் கோடு 'சி', அதாவது அடுத்த சுரம் அரைப்படி கீழே இருக்கும் இடங்கள். இரண்டாவது, யோவான் ஸ்நானகனைப் பற்றிய ஒரு லத்தீன் பாட்டில் ஒவ்வோர் அடியும் முந்தின அடியைவிட ஒரு சுரம் மேலே தொடங்குவதைப் பிடித்துக்கொண்டார். அந்த அடிகளின் முதல் அசைகள்: உத் (பின்னால் டோ ஆனது), ரே, மி, ஃபா, சோல், லா. இதை வைத்து ஓராண்டிலோ, மிஞ்சிப் போனால் இரண்டாண்டிலோ பையன்களைத் தயார் செய்வதாகச் சொன்னார். போப் பத்தொன்பதாம் ஜான் ரோமுக்கு அழைத்துப் பார்த்தார். குயிடோவின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அதுவரை கேட்டே இராத ஓர் அடியைப் போப்பே பாடிவிட்டாராம். குயிடோ தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். சைட் ரீடிங் பரீட்சையில் தேறியவராக நமக்குத் தெரிந்த ஆரம்பகால மனிதர்களில் ஒருவர் போப்!

நமக்கு வந்தது 19-ஆம் நூற்றாண்டில் ஜான் கர்வென் என்ற ஆங்கிலப் போதகர் பரப்பிய வடிவம். நாரிச் நகரில் சேரா குளோவர் என்ற ஆசிரியை செய்து வைத்திருந்ததை அவர் எடுத்துச் சீர்செய்தார். மிஷனரிகள் கையோடு கொண்டுவந்தார்கள்.

பழைய முறைக்கும் உங்கள் முறைக்கும் வித்தியாசம் உண்டு. அவர்களுக்கு ஆறு சுரம்தான், ஏழாவது கிடையாது. 'சி', 'எஃப்', 'ஜி' மூன்றில் எதில் வேண்டுமானாலும் உத் ஆரம்பிக்கலாம். பாட்டு ஆறைத் தாண்டினால் நடுவிலேயே ஒரு வரிசையில் இருந்து அடுத்த வரிசைக்கு மாற வேண்டும். அப்புறம் ஒரு விதி: லாவுக்கு மேலே ஒரே ஒரு சுரம் மட்டும் தொட்டுத் திரும்பினால் அதை ஃபா என்றே பாடு. அதாவது அரைப்படி மட்டும் ஏறு. தாளில் ஃபிளாட் குறி (சுரத்தை அரைப்படி இறக்கும் குறி) இருக்காது. கீபோர்டில் பழகினவர் அங்கே 'பி' இயல்பு சுரத்தைப் பாடுவார்; சோல்ஃபாவில் ஊறினவர் வாய் தானாக 'பி ஃபிளாட்' பாடும். பதினைந்தாம் நூற்றாண்டுப் பாட்டுக்கு இரண்டாமவர்தான் சரி. எங்கள் குழுவில் நான் முதன்முதலாகப் பாராட்டு வாங்கியது இந்த இடத்தில்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

ஸ்டாஃப் நொட்டேஷனும் கற்றுக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் யாருக்கும் பயந்து வேண்டாம்.

பழைய அச்சுப் புத்தகம் ஒன்றின் படங்களை இணையத்தில் பார்த்தேன். தாளத்தைப் பிரித்துக் காட்டும் பார் லைன் இல்லை. நோட்டெல்லாம் சதுரமும் சாய்சதுரமுமாக இருக்கின்றன. மற்ற குரல்கள் என்ன பாடுகின்றன என்பதும் தெரியவில்லை. இதைப் பார்த்து எப்படிப் பாடினார்கள்? நான்கு எண்ணிக்கைத் தாளத்துக்கு (4/4) நாம் போடும் 'சி' எழுத்து மட்டும் அங்கேயும் இருந்தது, ஆறுதல்.
– வாசகர், கோவை

ஆறுதலைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். அது எழுத்தே இல்லை, பாதி வட்டம்.

மூன்று என்பது நிறைவான எண். பரிசுத்த திரித்துவத்தின் எண். அதனால் நீண்ட நோட்டு மூன்றாகப் பிரிந்தால் முழு வட்டம் போட்டார்கள். இரண்டாகப் பிரிந்தால் குறைபட்ட வட்டம். அதுதான் இன்று பியானோ மாணவர்கள் 'காமன் டைம்' என்று மனப்பாடம் செய்யும் குறி.

முழு வட்டத்தில்தான் விளையாட்டு. சதுர நோட்டுக்குப் பெயர் பிரீவ். சாய்சதுரம் செமிபிரீவ். ஒரு பிரீவுக்கு மூன்று செமிபிரீவ். ஒரு பிரீவுக்குப் பின் இன்னொரு பிரீவ் வந்தால் முதலாவது மூன்று எண்ணிக்கை நிற்கும், சந்தேகமில்லை. அந்த இரண்டாவது பிரீவுக்குப் பின் ஒரே ஒரு செமிபிரீவ், பிறகு மறுபடி பிரீவ் என்று வந்தால்? இரண்டாவது பிரீவ் தன் பங்கில் ஒன்றை அந்தச் செமிபிரீவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு எண்ணிக்கையாகிவிடும். நடுவில் செமிபிரீவ் இரண்டு வந்தால் பிரீவ் மூன்றாகவே நிற்கும், ஆனால் செமிபிரீவில் இரண்டாவது இரட்டிப்பாகும். உருவம் மாறாது, அளவு மாறும். ஆகவே ஒரு நோட்டை எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது அதைப் பார்த்தால் தெரியாது. அதற்கு அடுத்து வருவதைப் பார்த்தால்தான் தெரியும். கண் எப்போதும் வாய்க்கு முன்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். சைட் ரீடிங் புத்தகங்களில் 'முன்னால் பார்' என்று புத்திமதி சொல்கிறார்களே, இங்கே அது இலக்கணம்.

நீங்கள் பார்த்தது பார்ட் புத்தகமாக இருக்கும்: ஒரு குரலுக்கு ஒரு புத்தகம். வெனிஸில் ஒத்தாவியானோ பெத்ரூச்சி 1501-ல் பல குரல் இசையை ஈய அச்சில் கொண்டுவந்தார். முதலில் கோடுகள், பிறகு நோட்டுகள், பிறகு வார்த்தைகள் என்று ஒரே தாளைப் பலமுறை அச்சு இயந்திரத்தில் விட்டு எடுத்தார். ஒரு மயிரிழை விலகினாலும் சுரம் மாறிவிடும், அவர் பக்கங்களில் அது விலகுவதில்லை. ஜோஸ்கான் தே ப்ரே இயற்றிய திருப்பலி இசையை 1502-ல் நான்கு பார்ட் புத்தகங்களாக வெளியிட்டார். அதன் நகலை வைத்துத்தான் எங்கள் குழு வியாழக்கிழமைகளில் பாடுகிறது.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் டெனர் தொழிலில் பல் டாக்டர். இன்றைய நோட்ஸ் எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பாடுவார். பெத்ரூச்சியிடம் வந்ததும் தடுமாறினார். பார் லைன் இல்லாததால் எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. இரகசியமாகப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். கண்டுபிடித்துப் பென்சிலைப் பிடுங்கிவிட்டோம். யாராவது வழி தவறினால் '43-ஆவது பாரில் இருந்து' என்று சொல்ல முடியாது, நம்பர் கிடையாது. 'இரண்டாவது எலெய்சோனில் இருந்து' என்பார் ஒருவர் (திருப்பலிப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது). அடுத்தவருக்கு இரண்டாவது எலெய்சோன் வேறெங்கோ இருக்கும். கடைசியில் முதலில் இருந்தே ஆரம்பிப்போம்.

ஆனால் சில வாரத்தில் காது வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. மற்றவர் பாடுவது கண்ணுக்குத் தெரியாததால் கேட்டே தீர வேண்டும். இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று உரசி, ஒன்று தயங்கி ஒருபடி இறங்கி, மறுபடி ஏறி மற்றதோடு எட்டாம் சுரத்தில் சேரும். அதுதான் கேடன்ஸ், அதாவது வாக்கியம் முடியும் இடம். அந்த ஏறும் சுரத்தை அரைப்படி தூக்கிப் பாட வேண்டும். அதற்கும் தாளில் ஷார்ப் கிடையாது. உரசலைக் கேட்டவுடன் 'இது நம் முறை' என்று தெரிந்துவிடும். வழி தவறினவரும் கேடன்ஸில் வந்து ஏறிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சின்னக் கொக்கி இருப்பதைக் கவனித்தீர்களா? அடுத்த வரியின் முதல் சுரம் எது என்று முன்கூட்டியே காட்டும் குறி. இத்தனை அக்கறையான குறியை ஏன் கைவிட்டார்கள் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

யூடியூபில் கேட்கும் பாக் பதிவுகள் என் கீபோர்டைவிட அரைச் சுருதி குறைவாக இருக்கின்றன. கீபோர்டில் கோளாறா?
– வாசகர், சேலம்

கீபோர்டை விற்றுவிடாதீர்கள். 'ஏ' சுரம் என்றால் வினாடிக்கு 440 அதிர்வு என்று லண்டனில் கூடி முடிவு செய்தது 1939-ல்தான். அதற்கு முன் ஊருக்கு ஒரு சுருதி. பரோக் இசைக்கு (சுமார் 1600 முதல் 1750 வரையிலான இசை) இன்று பெரும்பாலோர் வைப்பது 415. பிரெஞ்சு இசைக்கு 392. 415-க்குச் சரித்திர ஆதாரமும் உண்டு, சௌகரியமும் உண்டு: சரியாக அரைச் சுருதி என்பதால் ஹார்ப்சிகார்டின் கட்டைகளை ஒரு கட்டை நகர்த்தினால் 440 ஆகிவிடும்.

லைப்சிக்கில் இன்னும் கூத்து. தேவாலய ஆர்கன் மற்ற வாத்தியங்களைவிட ஒரு முழுச் சுருதி அதிகம். அதனால் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு சுருதி இறக்கி எழுதின தனித் தாள். எல்லோரும் 'டி'-யில் வாசிக்கும்போது அவர் முன்னால் 'சி' இருக்கும்.

கச்சேரி வீடியோவில் ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் முன்னால் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதன்மேல் எண்கள். ஆனால் இரண்டு கையாலும் நிறைய வாசித்தாரே?
– வாசகி, புதுச்சேரி

நல்ல கண் உங்களுக்கு. அந்த ஒரு வரி பேஸ், அதாவது அடிக்குரல். மீதியை அவரே அந்த நேரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். எண் எதுவும் இல்லையென்றால் பேஸுக்கு மேல் மூன்றாவது, ஐந்தாவது சுரங்கள்: 'சி' இருந்தால் 'இ', 'ஜி'. 6 என்று போட்டிருந்தால் மூன்றாவதும் ஆறாவதும்: 'இ' மேல் 6 என்றால் 'ஜி', 'சி'. 4, பிறகு 3 என்றால் நான்காவதை முதலில் பிடித்து, உரசவிட்டு, மூன்றாவதில் இறக்கு. எந்த ஸ்தாயியில், எத்தனை விரலில், உடைத்தா சேர்த்தா, மெதுவாகவா நிறைவாகவா என்பதெல்லாம் அவர் பாடு. பாடுபவர் குரல் மெலிந்தவர் என்றால் இரண்டு சுரத்தோடு நிறுத்திக்கொள்வார்.

1602-ல் வியாதானா என்ற இத்தாலியர் இப்படிப்பட்ட தொடர் பேஸோடு தேவாலயப் பாட்டுகளை அச்சிட்டார். அடுத்த நூற்றைம்பது வருஷத்துக்கு ஐரோப்பா முழுக்க இதுதான். பல நேரம் எண்ணும் போட்டிருக்காது. மேல் குரலைக் காதால் கேட்டு யூகித்துக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் வாசிப்பவர் எண் போட்ட தாளை 'சொகுசு' என்பார்.

வீணை கற்றவள் நான். எங்கள் புத்தகத்தில் சுரம் மட்டும்தான் இருக்கும், கமகம் குருவிடம்தான். மேற்கத்திய இசையில் எல்லாமே எழுதியிருக்கும், அப்படியே வாசித்தால் போதும் என்கிறார்களே?
– வாசகி, தஞ்சாவூர்

அப்படிச் சொல்கிறவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள். அந்தப் பக்கம் போனால் கதை உங்கள் கதைதான்.

பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா கூப்ரான் 1716-ல் ஹார்ப்சிகார்ட் வாசிக்கும் கலையைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதில் உடைத்தே சொல்கிறார்: நாங்கள் எழுதுவது ஒரு விதம், வாசிப்பது ஒரு விதம், அதனால்தான் நாங்கள் வெளிநாட்டார் இசையை வாசிக்கும் அளவுக்கு அவர்கள் எங்கள் இசையை நன்றாக வாசிப்பதில்லை. அடுத்தடுத்த படியாக ஏறி இறங்கும் எட்டில் ஒரு பங்கு நோட்டுகளை வரிசையாகச் சமமாக எழுதுவார்கள். வாசிக்கும்போது முதலாவது கொஞ்சம் நீளம், இரண்டாவது கொஞ்சம் குறுகல், ஒரு சாய்வு நடை. எவ்வளவு சாய்வு? பாட்டின் குணத்தைப் பொறுத்தது. இத்தாலியர்கள் நினைத்ததை அப்படியே எழுதுகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறார்.

இத்தாலியர்கள் மட்டும் என்ன? கொரெல்லியின் வயலின் சொனாட்டாக்கள், ஐந்தாம் தொகுதி, 1700-ல் ரோமில் வந்தன. மெதுவான பகுதிகளைப் பார்த்தால் ஏதோ வீட்டுப்பாடம் மாதிரி நீள நீளச் சுரங்கள். 1710-ல் ஆம்ஸ்டர்டாம் பதிப்பகத்தார், 'கொரெல்லி வாசிக்கிறபடியே' என்று அந்தப் பகுதிகளை அலங்காரத்தோடு போட்டார்கள். ஒரு நீளச் சுரம் இருந்த இடத்தில் பத்து, பதினைந்து பொடி நோட்டுகள் ஓடுகின்றன. உண்மையிலேயே கொரெல்லி அப்படித்தான் வாசித்தாரா என்று அப்போதே சந்தேகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் மொட்டையாக வாசிக்கவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நம் பக்கத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் வெளியிட்ட பெரும் தொகுப்பில் கமகங்களுக்கே தனிக் குறிகள் போட்டார் அல்லவா? கூப்ரானும் தன் அலங்காரங்களுக்குக் குறி அட்டவணை போட்டார். இரண்டு பேருக்கும் ஒரே கவலை. இரண்டு அட்டவணைகளையும் வைத்துக்கொண்டு மட்டும் வாசித்தால் இரண்டுமே வேலைக்கு ஆகாது.

ஒரு முறை, இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பியானோக்காரர் ஒருவர் எங்களோடு கூப்ரான் வாசிக்க வந்தார். முதல் பார்வையிலேயே ஒரு நோட்டு தப்பாமல் முடித்தார். எல்லாம் சமமாக, சுத்தமாக. எங்கள் ஹார்ப்சிகார்ட் நண்பர் பணிவாகக் கேட்டார்: "இப்போது இதை வாசிக்கலாமா?" என் கட்சி இதுதான்: பழைய இசைக்கு மோசமான சைட் ரீடர் என்பவர் நோட்டைத் தவறவிடுகிறவர் இல்லை, நோட்டை மட்டும் படிக்கிறவர்.

நல்ல பியானோ, நல்ல இரும்புக் கம்பி எல்லாம் வந்த பிறகு ஆட்டுக் குடல் நரம்பைக் கட்டி அழவைப்பது வெறும் வேஷம். செத்துப்போன காலத்துக்கு டூப்ளிகேட் எதற்கு?
– வாசகர், ஈரோடு

உங்கள் கோபத்தில் பாதி நியாயம். பழையதைப் பழையபடியே செய்கிறோம் என்று சொல்கிறவர்கள் பலரும் தங்கள் காலத்தைத்தான் வாசிக்கிறார்கள். வாண்டா லாண்டோவ்ஸ்கா பழைய இசைக்காகப் போராடினவர். 1912-ல் அவருக்கென்று ப்ளேயல் நிறுவனம் செய்து தந்த ஹார்ப்சிகார்ட், கனத்த சட்டமும் ஏகப்பட்ட பெடலுமாக, பாக் பார்த்தால் என்னவென்று கேட்டிருப்பார். அன்று அதுதான் 'அசல்'. இன்று நாங்கள் செய்வதைப் பார்த்து 2090-ல் யாராவது சிரிக்கட்டும்.

மற்ற பாதிக்கு ஒரு பதில் உண்டு. பதினாறாம் நூற்றாண்டு ஆர்கனில் பெரிய மூன்றாம் சுரத்தை ('சி'-யில் இருந்து 'இ' வரையிலான இடைவெளி) சுத்தமாக வைத்தார்கள். அளவில் 386 சென்ட் (பியானோவில் ஓர் அரைப்படி நூறு சென்ட்). உங்கள் பியானோவில் அது 400. பதினான்கு சென்ட் அதிகம், அதனால் லேசாக நடுங்கும். பழகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. சுத்தமாக வைத்த ஹார்ப்சிகார்டில் 'சி', 'இ', 'ஜி' மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், நடுக்கம் நின்று ஒரே குரலாக ஒலிக்கும். அதற்கு விலையும் உண்டு: 'ஜி ஷார்ப்' இருக்கும் கட்டையை 'ஏ ஃபிளாட்' என்று பயன்படுத்தினால் சுருதி சேராமல் ஓநாய் மாதிரி ஊளையிடும். இது தெரிந்த பிறகு, ஓர் இசையமைப்பாளர் அந்த ஊளைக்குப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது என்ன செய்கிறார் என்பது தாளிலேயே புரிகிறது. பியானோவில் அந்த இடம் வெறும் இன்னொரு கார்ட். நான் குடல் நரம்பு கட்டுவது மரியாதைக்காக இல்லை. தாளைப் படிக்க அது உதவுகிறது. மற்றபடி மழை நாளில் அது சுருதி கலைந்து உயிரை வாங்கும், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

அம்மா, வேலையில் இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. சின்ன வயதில் பாட்டு கற்க ஆசை; நடக்கவில்லை. இந்தப் பழைய இசையை இந்த வயதில் படித்துப் பாடவோ வாசிக்கவோ முடியுமா? நாலு பேர் முன்னால் அசிங்கப்படக் கூடாதே என்று பயம்.
– வாசகர், மதுரை

ஐயா, உங்களுக்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். தாமஸ் மோர்லி 1597-ல் லண்டனில் வெளியிட்ட இசைப் பாடப் புத்தகம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஃபிலோமாத்தஸ் என்ற கனவான் ஒரு விருந்துக்குப் போகிறார். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல் பாட்டுப் புத்தகங்கள் மேஜைக்கு வருகின்றன. வீட்டு அம்மாள் அவர் கையில் ஒரு பார்ட்டைக் கொடுத்துப் பாடச் சொல்கிறார். 'எனக்கு வராது' என்கிறார். ஒருவரும் நம்பவில்லை. இவர் எப்படித்தான் வளர்ந்தாரோ என்று பக்கத்தில் கிசுகிசுக்கிறார்கள். வெட்கம் தாங்காமல் மறுநாளே ஆசிரியரைத் தேடி ஓடுகிறார். ஆசிரியர் யார்? மோர்லிதான். அடுத்த வருஷம் இங்கிலாந்தில் இசை அச்சிடும் உரிமையும் மோர்லி கைக்கு வந்தது என்பதால், புத்தகம் விற்கிற ஆசாமி சொன்ன கதை இது என்று கொஞ்சம் உப்பு சேர்த்துக் கேளுங்கள். எல்லா வீட்டிலும் எல்லோரும் பார்த்தவுடன் பாடியிருக்க மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டு மேஜையில் பாடியது நிஜம். அதே 1597-ல் ஜான் டௌலண்ட் போட்ட பாட்டுப் புத்தகத்தில், ஒரே விரிந்த பக்கத்தில் ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு திசை பார்த்து அச்சிட்டிருப்பார்கள். நடுவில் ஒரு புத்தகம், சுற்றி நாலு பேர். யாருக்கும் தலைகீழாகத் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்வது ரெக்கார்டர். பள்ளிக்கூடங்களில் ஊதும் பிளாஸ்டிக் குழல்தான். விலை குறைவு, சுருதி நிற்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பரோக் ஃபிங்கரிங், ஜெர்மன் ஃபிங்கரிங் என்று இரண்டு உண்டு. ஜெர்மன் வகையில் 'எஃப்' சுலபமாக வரும் என்று கடைக்காரர் அதையே நீட்டுவார். வேண்டாம். 'எஃப் ஷார்ப்' வரும்போது அழுவீர்கள். பரோக் என்று கேட்டு வாங்குங்கள்.

கோடுகள் பழக ஒரு மாதம், இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின் தனியாக ஊதிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். ஓர்லாண்டோ தி லாஸோ 1577-ல் மியூனிக்கில் வெளியிட்ட இருகுரல் பாடல்கள் இருபத்து நான்கு. அதில் பன்னிரண்டுக்கு வார்த்தையே கிடையாது, வாத்தியத்துக்கு வசதி. ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய இசைத்தாள் நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். பார் லைன் போட்ட நவீனப் பதிப்பில் ஆரம்பியுங்கள், தப்பில்லை. ஒருவர் தப்பினால் மற்றவர் நிற்கக் கூடாது, தப்பினவர் அடுத்த கேடன்ஸில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். முடிந்ததும் பார்ட்டை மாற்றிக்கொண்டு இன்னொரு முறை. மதுரையில் கூட்டாளி கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள். இந்தப் பக்கத்திலேயே கேட்டுப் பார்க்கிறேன். மார்த்தாண்டத்துக்காரர்கள் கொஞ்சம் தூரம்தான், ஆனால் இரயில் இருக்கிறது.